பழைய மோட்டார் சைக்கிளின் காபரேற்றர்: கழற்றுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

பழைய மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டார்ட் ஆனாலும் நிற்கிறது, ஓடும்போது திக்குகிறது என்றால் எல்லோருடைய விரலும் காபரேற்றரைத்தான் காட்டும். உடனே ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் வரும், வெளியே தெரிகிற இரண்டு திருகாணியையும் ஆளாளுக்குத் திருகிப் பார்ப்பார்கள், அதுவும் சரிவராவிட்டால் முழுதாகக் கழற்றிப் பெற்றோலில் கழுவித் திரும்பப் பூட்டுவார்கள். சில வேளை சரியாகும். ஏன் சரியானது என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இவ்வளவு பாடு தேவையில்லை. எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது காபரேற்றர், வெளியே பார்த்தால் ஒரே சாமான்தான், ஆனால் உள்ளே பெற்றோல் போவதற்கு நாலைந்து தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. எந்தப் பாதை எப்போது வேலை செய்யும் என்பது நீங்கள் அக்சிலேற்றரை எவ்வளவு திருகியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே கோளாறு எந்தத் திறப்பில் வருகிறது என்று கவனித்தாலே பழுது எந்தப் பாதையில் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிக் கவனிப்பது, கவனித்த பிறகு எங்கே கை வைப்பது என்ற விவரம்.

திருகோணமலையில் இன்னமும் ஓடுகிற பழைய வண்டிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்: ஹொண்டா சாலி, எம்.டி. 90, சி.டி. 125, யமஹா ஆர்.எக்ஸ். 100, அங்கொன்று இங்கொன்றாக யாருடையவோ தாத்தா விட்டுப்போன பி.எஸ்.ஏ. பாண்டம். எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர்கள் ஓடிய வண்டி, அங்கே ஓடி முடித்தபின் நம் பக்கம் வந்து நெல்மூட்டையும் மீன்பெட்டியும் சுமந்துகொண்டு இன்னும் ஓடுகிறது. ஹொண்டாவில் கெய்ஹின், யமஹாவில் மிக்குனி, பாண்டத்தில் ஏமல் என்று காபரேற்றரின் பெயர்தான் வேறு. உள்ளே நடக்கிற காரியம் எல்லாவற்றிலும் ஒன்று.

அந்தக் காரியம் இதுதான். எஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்தக் காற்று காபரேற்றரின் நடுவிலுள்ள ஒடுங்கிய துளை வழியாகப் போக வேண்டும். ஒடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடும், வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு மெல்லிய குழாயின் வாய் திறந்திருக்கிறது, குழாயின் மறுமுனை கீழேயுள்ள சின்னக் கிண்ணத்தில் பெற்றோலுக்குள் தோய்ந்திருக்கிறது. கிண்ணத்துக்குள் இருப்பது சாதாரண வெளிக்காற்றின் அழுத்தம், மேலே அழுத்தம் குறைவு, ஆகவே பெற்றோல் மேலே தள்ளப்பட்டுக் காற்றோடு தூவானமாகக் கலந்து எஞ்சினுக்குள் போகிறது. முந்தி நுளம்புக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு வைத்திருந்தோமே, தகரக் குடுவையும் நீட்டுக் குழாயுமாக, அதுவும் அச்சொட்டாக இதே முறையில்தான் வேலை செய்தது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். பெற்றோலை மேலே தள்ளுவது வெளிக்காற்று. அதனால் கிண்ணத்துக்குள் காற்று வர ஒரு சிறு துவாரம் இருந்தே ஆகவேண்டும், பெற்றோல் தாங்கிக்கும் அப்படித்தான், அதன் மூடியில் ஒரு துவாரம். இந்த இரண்டில் எது அடைபட்டாலும், பெற்றோலை அளந்து விடுகிற சின்ன ஓட்டைத் துண்டு, அதாவது ஜெட், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி ஓடாது.

கிண்ணத்தில் பெற்றோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்காக உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. பெற்றோல் குறைந்தால் மிதவை இறங்கும், ஒரு சின்ன ஊசி வழிவிடும், நிரம்பினால் மிதவை ஏறி ஊசியை அடைக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் இருப்பதும் இந்த ஏற்பாடுதான் என்பதால் இதை நான் நீட்டவில்லை.

பெற்றோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்றால், ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கனதியாக இழுக்கும்போது பெற்றோல் இதைவிடக் கொஞ்சம் கூடப் போவது நல்லது. காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்தால் எஞ்சின் சூடேறும், திடீரென்று அக்சிலேற்றரைத் திருகும்போது மூச்சு முட்டியது போல நிற்கும், அக்சிலேற்றரை விட்டதும் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை, பெற்றோல் மணம், பிளக்கில் கரி, கனத்த சத்தம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் அது ஒயில் எரிவது, காபரேற்றரை விட்டுவிட்டுப் பிஸ்டன் ரிங்ஸைப் பாருங்கள். பாண்டம் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில், ஒயிலைப் பெற்றோலோடு கலந்து விடுகிறவற்றில், பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். அப்படியே விரட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். அதனால் டூ ஸ்ட்ரோக்கில் 'காற்றுக் கூட' என்ற அறிகுறியை ஒரு நாளைக்கும் தள்ளிப்போடக் கூடாது.

எரிபொருள் ஆவியாக மாறினால்தான் பற்றும் என்பதற்கு நம்மவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துச் சனம் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது, எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள், எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய் தானாக ஆவியாகி ஓட்டும். குளிர்ந்திருக்கும்போது சோக் இழுக்கிறோமே, அதுவும் இதே காரணத்துக்குத்தான்: குளிரில் பெற்றோலில் ஒரு பங்குதான் ஆவியாகிறது, ஆகவே கூடுதலாக விட வேண்டியிருக்கிறது.

சரி, இனித் திறப்பு. ஒரு சின்னத் துண்டு வெள்ளை டேப் எடுத்து அக்சிலேற்றர் பிடியில் ஒட்டுங்கள், பக்கத்தில் அசையாமல் நிற்கிற சுவிட்ச் பெட்டியில் நாலு கோடு போடுங்கள்: மூடியது, கால், அரை, முக்கால். முழுத் திறப்புக்குக் கோடு வேண்டாம், கைக்கே தெரியும். இந்த வேலை ஐந்து நிமிடம், ஆனால் இதைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் 'நாற்பதில் போகும்போது திக்குது' என்பார்கள். நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் கால் திறப்பிலும் போகலாம், உவர்மலை ஏற்றத்தில் முழுத் திறப்பிலும் போகலாம். வேகத்தை வைத்துக் காபரேற்றரில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அக்சிலேற்றர் மூடியிருக்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் திறக்கும்வரையும், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குவரை, பெற்றோல் வருவது பைலட் ஜெட் வழியாக. அதைத்தான் சிலர் ஸ்லோ ஜெட் என்கிறார்கள். அங்கிருந்து கால்வரை, அக்சிலேற்றர் கேபிள் மேலே இழுக்கிற ஸ்லைட் இருக்கிறதே, அதன் அடியில் காற்று வரும் பக்கம் சரிவாக வெட்டியிருப்பது கலவையைத் தீர்மானிக்கும். கால் முதல் முக்கால்வரை ஸ்லைட்டில் தொங்குகிற கூரான ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். கோடு கிழித்தது போல ஒன்று நின்று மற்றது தொடங்காது, ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் மாறும். ஆனாலும் கோளாறைத் தேட இந்தக் கணக்குப் போதும்.

இப்போது சோதனைக்கு வருவோம், ஆனால் காபரேற்றருக்கு அல்ல. முதலில் பிளக்.

பழைய வண்டிகளில் காபரேற்றர் என்று நினைக்கிற கோளாறில் நிறைய கரண்ட் கோளாறு. நல்ல கராஜ்காரர் யாரிடமாவது வண்டியைக் கொண்டுபோய் 'அண்ணை, காபரேற்றர் பழுது' என்று சொல்லிப் பாருங்கள், 'அதைப் பிறகு பாப்பம் தம்பி, முதல்ல பிளக்கைக் கழட்டு' என்பார். பல தடவை உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றினால் அது நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, ஒன்று அளவுக்கு மிஞ்சி வருகிறது, அல்லது பொறி இல்லை. பிளக்கை அதன் வயரின் கப்பில் மாட்டி எஞ்சின் தலையில் தொட வைத்து உதைத்துப் பாருங்கள், நீலமாக, சத்தத்தோடு பொறி பாய வேண்டும். மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் காபரேற்றரைத் தொடவே வேண்டாம். அப்படிச் செய்யும்போது பிளக் துளைப் பக்கம் பெற்றோல் ஆவி வரும் என்பதால் பிளக்கைத் தள்ளிப் பிடியுங்கள். பொயின்ற் (பொறிக்கான கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற பழைய சுவிட்ச்) உள்ள வண்டிகளில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது: குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் திரும்ப ஓடினால் கொண்டென்சர் அல்லது கொயிலைச் சந்தேகியுங்கள். இதே நடத்தையைத் தாங்கி மூடியும் காட்டும், அதை இனிச் சொல்கிறேன்.

பெற்றோல் குழாயைக் காபரேற்றர் பக்கம் கழற்றி, ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, தாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடுகிற டெப்பைத் திறவுங்கள். சிகரெட்டும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் தொடர்ச்சியாகக் கம்பி போல விழ வேண்டும். முதலில் நன்றாக விழுந்து பிறகு மெலிந்து சொட்டாக மாறினால் தாங்கி மூடியைத் திறவுங்கள், திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போய்ப் பெற்றோல் மறுபடி நன்றாக விழுந்தால், மூடியின் துவாரம் அடைபட்டிருக்கிறது. நிலாவெளிப் பக்கம் போய் நடுவழியில் நின்று, யாரோ உதவி கேட்டு வருவதற்குள் தானாக ஸ்டார்ட் ஆகிற வண்டிகளில் பாதி இந்தச் சாதி. மூடியிலுள்ள ஓட்டையில் மண்ணும் மெழுகும் போய் அடைத்திருக்கும், அல்லது யாராவது புது வாசர் வெட்டிப் போட்டு ஓட்டையை மறைத்திருப்பார்கள்.

மூடி சரி, ஆனாலும் மெலிந்து வந்தால் டெப்பின் வலை, பிறகு இடையில் யாராவது பூட்டியிருக்கும் பில்டர். இந்த வண்டிகளில் பம்பு இல்லை, பெற்றோல் மேலிருந்து கீழே தானாக இறங்குகிறது. கார் பில்டர் ஒன்றை நடுவில் வைத்தால் அந்தச் சிறு எடைக்கு அது வழிவிடாமல் நிற்கும். சில ஹொண்டாக்களில் டெப்பின் அடியில் கசடு தங்க ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும், பலருக்கு அதைத் திறக்கலாம் என்பதே தெரியாது.

இனி அந்தக் கண்ணாடிப் போத்தலை எடுத்துக் காபரேற்றருக்குக் கீழே பிடித்து, கிண்ணத்தின் அடியிலுள்ள வடி திருகாணியைத் தளர்த்துங்கள். வந்ததை ஒரு நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமான பெற்றோல் ஒரே நிறத்தில் இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தெளிந்த குமிழ்களாக உருளும், போத்தலைச் சரித்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும், பெற்றோலோடு கலக்காது. அதற்குக் கீழே செங்கல்பொடி மாதிரிக் கறள் படிந்திருக்கும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் போய்க் கிடக்கும், மெயின் ஜெட்டும் அந்த அடியில்தான் நிற்கிறது. ஆகவே ஸ்லோவில் (அக்சிலேற்றரைத் திருகாமல் விட்ட ஓட்டத்தில்) நன்றாக நின்று, முறுக்கியதும் திக்கி, கொஞ்சம் ஓடிப் பிறகு சரியாகிற வண்டியில் தண்ணீரைத் தேடுங்கள்.

நம் ஊரில் இது வரத்தான் செய்யும். மூன்று பக்கமும் கடல், ஐப்பசியிலிருந்து தைவரை மாரி மழை, பகலில் தகரக் கொட்டிலுக்குள் வெக்கை, இரவில் குளிர். பாதி நிரம்பிய தாங்கிக்குள்ளிருக்கிற ஈரக் காற்று இரவில் வியர்த்துச் சொட்டுச் சொட்டாக இறங்கும், தாங்கி இரும்பு, பிறகென்ன. தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, கறளும் குறையும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். 99 எண்ணெய்த் தாங்கிகளைச் சீனக்குடாவில் வைத்துக்கொண்டு நாங்கள் கலனோடு வரிசையில் நின்ற காலம் அது. அப்போது மூலையில் சாத்தி வைத்த வண்டிகள் பலவற்றை இப்போதுதான் வெளியே எடுக்கிறார்கள், உள்ளே இருந்த பெற்றோல் ஆவியாகி மிச்சம் வார்னிஷ் மாதிரிப் பிசினாகக் காய்ந்து கிடக்கிறது. திறந்ததும் பழைய பெயின்ற் பேணி மணம் வந்தால் அதுதான்.

அடுத்தது நிரம்பி வழிவது. டெப்பைத் திறந்ததும் காபரேற்றரின் வழிகுழாயால் பெற்றோல் ஒழுகினால் மிதவையோ அதன் ஊசியோ. முதலில் ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டுங்கள், ஊசியில் ஒரு தூசு மாட்டியிருந்தால் விலகிவிடும். நிற்கவில்லையென்றால் கிண்ணத்தைக் கழற்றி ஊசியின் கூரை நகத்தால் தடவுங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டும், நகம் ஒரு வளையத்தில் தடக்கினால் தேய்ந்துவிட்டது, புதிது போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பித்தளை மிதவை என்றால் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெற்றோல் சலசலத்தால் ஓட்டை. எங்கே ஓட்டை என்று பார்க்க, மிதவையைக் கையில் எடுத்துப் பெற்றோல் எல்லாம் தள்ளி வைத்த இடத்தில் சுடுதண்ணீருக்குள் அமிழ்த்துங்கள், உள்ளே காற்று விரிந்து ஓட்டையால் குமிழ் விடும். ஒரு எச்சரிக்கை: இரவு முழுக்க ஒழுகிய வண்டியில் பெற்றோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஒயில் கோலை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் ஒயிலை மாற்றாமல் உதைக்க வேண்டாம்.

சரி, பொறி நல்லது, பெற்றோல் வருகிறது, ஒழுகவில்லை. ஆனால் ஸ்லோவில் நிற்கவில்லை, சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, சோக்கை விட்டதும் சாகிறது. நான் பார்க்கிற பழைய வண்டிகளில் ஆகக் கூடுதலாக வருகிற கோளாறு இதுதான், காரணமும் அநேகமாக ஒன்று: பைலட் ஜெட் அடைப்பு. கெய்ஹின் ஜெட்டில் 38 என்று அடித்திருந்தால் அதன் ஓட்டை ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர். அவ்வளவு சிறிய துளையில் பிசின் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்தாலே போதும், கண்ணுக்கு ஓட்டை இருப்பது போலத் தெரியும், பெற்றோல் போகாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நிலாத்துண்டு மாதிரிக் கோணலாகத் தெரியும் அந்த ஓட்டை, சுத்தமானது ஊசி குத்தியது போல முழு வட்டமாக இருக்கும்.

இதைக் குத்தி எடுக்கக் கம்பியோ ஊசியோ பாவிக்காதீர்கள். பித்தளை மெது, இரும்பு ஒரு தடவை உரசினாலே ஓட்டை பெருக்கும், பிறகு நம்பருக்கும் ஓட்டைக்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் இதற்கு நல்ல சாமான் இருக்கிறது: தங்கூசி, அதாவது தூண்டிலுக்குப் பாவிக்கிற நைலோன் இழை. மீன்பிடிச் சாமான் கடையில் ஆக மெல்லிய இழையாகக் கேட்டு வாங்குங்கள், நுனியைச் சரிவாக வெட்டி, ஜெட்டைப் பெற்றோலில் அல்லது காபரேற்றர் கிளீனரில் ஊறவிட்டு, இழையை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். முதலில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். ஜெட்டின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருந்தால் அவற்றுக்கும் அதே வேலை. பிறகு ரயர் கடையில் காற்றடிக்கிற குழாயால் ஊதுங்கள். ஜெட் பூட்டியிருந்த துளைக்குள்ளும் ஊத வேண்டும், அங்கிருந்து எஞ்சின் பக்கம் திறக்கிற ஊசிமுனை ஓட்டைகள்தான் ஸ்லோவுக்குப் பெற்றோல் விடுகின்றன, ஜெட்டைக் கழுவிவிட்டு இவற்றை மறந்தால் எல்லாம் வீண். மிதவையைக் கழற்றி வைத்துவிட்டு ஊதுங்கள், காற்றின் வேகத்தில் அது நசுங்கும்.

சுத்தம் செய்த பிறகுதான் திருகாணி. வெளியே இரண்டு திருகாணி இருக்கும். ஒன்று ஸ்லைட்டை அடியில் தாங்கிப் பிடித்து ஸ்லோவின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. அது கலவையைத் தொடாது. மற்றது கலவைத் திருகாணி, குழப்பம் வருவது இங்கேதான். அது எயார் பில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் காற்றுக் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெற்றோல் கூடும். இரண்டுக்கும் நேர் எதிரான பலன். அடுத்த வண்டிக்காரர் 'அரைச் சுற்று வெளியே விடு' என்று சொன்னதை அப்படியே செய்யாமல் உங்கள் திருகாணி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

அதை மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்பட்டதும் நிறுத்தி (இறுக்கினால் கூர் உடையும் அல்லது அது போய் உட்காரும் துளை வெடிக்கும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுக் கலவைத் திருகாணியைக் கால் சுற்றாக உள்ளேயும் வெளியேயும் மாற்றிப் பாருங்கள், சத்தம் எந்த இடத்தில் ஆகக் கூடுதலாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விடுங்கள், பிறகு ஸ்லோவைக் குறையுங்கள். திருகாணியை எவ்வளவு திருகினாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தப் பாதை இன்னமும் அடைபட்டிருக்கிறது, திரும்பவும் தங்கூசி.

எல்லாம் சுத்தம், ஆனாலும் ஸ்லோ ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்கி அலைகிறது, அக்சிலேற்றரை விட்டாலும் எஞ்சின் உடனே இறங்காமல் தொங்கி நிற்கிறது என்றால் காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்றுக் கள்ளமாக நுழைகிறது. ரப்பர் வெடித்திருக்கும், ஓ ரிங் காய்ந்திருக்கும், அல்லது ஆரோ ஒரு பக்கத் திருகாணியை மட்டும் இறுக்கி இறுக்கிக் காபரேற்றரின் முகத்தையே வளைத்திருப்பார்கள். ஸ்லோவில் ஓடவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரைப் பூட்டு விளிம்புகளில் தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், சத்தம் ஒரு கணம் மாறும். இதற்குப் பெற்றோலைத் தெளிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. வேண்டாம். எஞ்சின் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் அலைந்தால் ஸ்லைட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், நாற்பது வருடம் ஏறி இறங்கியதில் அதுவும் அதன் துளையும் தேய்ந்து, அந்த இடைவெளியால் காற்றுப் போகும். அதற்கு வீட்டில் மருந்து இல்லை.

நடுத் திறப்பில், கால் முதல் முக்கால்வரை, கோளாறு என்றால் ஸ்லைட்டில் தொங்குகிற ஊசி. அதன் தலையில் சின்னச் சின்னத் தவாளிப்புகள் இருக்கும், ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெற்றோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு தவாளிப்பு மட்டும் மாற்றுங்கள். நீண்ட நாள் ஓடிய வண்டியில் ஊசி உரசும் பித்தளைக் குழாயின் வாய் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், அப்போது கிளிப்பை எங்கே மாட்டினாலும் பெற்றோல் கூடத்தான்.

முழுத் திறப்புக்கு உப்புவெளி தாண்டி நிலாவெளிக்குப் போகிற நேர் வீதி நல்லது, அதிகாலையில், மாடு இல்லாத நேரம். முழுதாகத் திறந்து ஓடும்போது இழுவை பற்றாமல் போனால் அக்சிலேற்றரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் வண்டி முன்னே பாய்ந்தால் மெயின் ஜெட்டில் பெற்றோல் குறைவு. இன்னொரு வழி, ஓடிக்கொண்டே சோக்கைக் கொஞ்சம் இழுப்பது: நன்றாக இழுத்தால் பெற்றோல் குறைவு, இன்னும் மோசமானால் பெற்றோல் கூட. இந்தச் சோக் சோதனை எந்தத் திறப்பிலும் பலிக்கும், காசும் இல்லை. பெற்றோல் கூட என்று சந்தேகம் வந்தால் ஓடும்போதே டெப்பை மூடுங்கள். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க வண்டி தெளிந்து ஓடினால் மிதவை மட்டம் உயரம். பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதும் உண்டு, கறுப்பு என்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் குறைவு, மண்ணிறம் நல்லது என்று. இப்போதைய பெற்றோலில் அந்த நிறம் முன்னைப் போலத் தெளிவாக விழுவதில்லை, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கழற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் இரண்டொரு விஷயம். ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் திருகாணி நம் கடைகளில் விற்கிற சாதாரண ஸ்க்ரூ ட்ரைவருக்கு முழுதாகப் பொருந்தாது, ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) என்று வேறு நுனி இருக்கிறது. தலை வழுக்கி வட்டமான திருகாணிகளெல்லாம் இந்தப் பொருத்தமில்லாமையால் வந்தவைதான். கழற்றிய சாமானை ரெஜிபோம் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெற்றோல் பட்டால் அது கரைந்து ஜெட்டில் ஒட்டும், பீங்கான் கோப்பை நல்லது. வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது உப்புக்காற்றில் காபரேற்றரின் துத்தநாகக் கலப்பு உலோகம் அரிபடுவது, தேசிக்காய்ப் புளி கலந்த சுடுதண்ணீர் அதைக் கழற்றும். ஆனால் கொஞ்ச நேரம்தான், இரவு முழுக்க ஊற வைத்தால் புளி உலோகத்தையே தின்றுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி உடனே ஊதிக் காயவைக்க வேண்டும்.

புதுக் காபரேற்றரே வாங்கிப் போடலாமே என்று கேட்பீர்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் போலிக் காபரேற்றர் மலிவாகக் கிடைக்கிறது, பூட்டினால் உட்காரும், ஸ்டார்ட் ஆகும். உள்ளே இருக்கிற ஜெட் உங்கள் எஞ்சினுக்கு அளந்ததல்ல, ஸ்லைட்டின் சரிவும் ஊசியின் கூரும் வேறு, டேப்பை ஒட்டி முதலிலிருந்து எல்லாத் திறப்பும் பார்க்க வேண்டி வரும். உடம்பு உடையாமல், துளை தேயாமல் இருக்கிற பழைய கெய்ஹினுக்கு ஒரு ரிப்பெயார் கிற் போடுவது எனக்குப் பிடித்த வழி. பழைய ஜெட்டை எறிய வேண்டாம். கிற்றில் வருகிற ஜெட்டிலும் நம்பர் ஒன்று, ஓட்டை ஒன்றாக இருப்பதைக் கண்டிருக்கிறேன், பழசைச் சுத்தம் செய்து அதையே போட்டு, கிற்றிலிருந்து வாசரையும் மிதவை ஊசியையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மாரி தொடங்கும்போது வண்டியை நாள்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டெப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மிச்சத்தை வடி திருகாணியால் போத்தலுக்குள் இறக்கிவிடுங்கள். கிண்ணம் காய்ந்திருந்தால் பைலட் ஜெட்டில் பிசின் பிடிக்க ஒன்றும் இல்லை. திரும்ப எடுக்கும்போது டெப்பைத் திறந்து கிண்ணம் நிரம்பக் கொஞ்சம் பொறுத்து, சோக் இழுத்து உதையுங்கள்.